வாளி தூக்கிக்கொண்டு போனவர்கள்

கோட்டைக்குள்,
திருவனந்தபுரம் – 23,
12 அக்டோபர் 2006.

சிரஞ்சீவி சுமந்துக்கு மாமா நீலகண்டன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

இவ்விடம் நானும் உன் மாமி லலிதாம்பாளும் க்ஷேமம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன், நம்பிவிடாதே. அவ்விடம் பூனாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, ஆபீஸில் நல்ல பேர் எடுத்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நீயாவது உப்புப் போட்ட சாப்பாடு சாப்பிடு. அது என்ன விஷயம் என்று பின்னால் வருகிறது.

ஈமெயில் அனுப்பத் தெரிந்த மாமா எதற்காக வெள்ளைக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று உனக்குத் தோன்றும். காகிதத்தில் ஒருத்தரைப் பற்றி ஒன்று எழுதினால் அது அந்தக் காகிதத்தோடு நின்றுவிடும். அவர் வீட்டுக் காகிதத்தின் அடியில் போய்த் தானாக முளைக்காது. மே மாசம் நீ லீவில் வந்து, உன் பழைய கம்ப்யூட்டரை என் மேஜையில் வைத்து, அதற்குள் ஒரு சமாசாரத்தைப் போட்டுவிட்டுப் போனாயே, அதை வந்து எடுத்துக்கொண்டு போய்விடு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த ஒரு வரி போதும்தான். ஆனால் ரெக்கார்டு செக்‌ஷனில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவனுக்குக் காரணம் காட்டாமல் எதையும் கேட்க வராது. ஆகையால் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம் தெரு சமூகம் சங்கமாகச் சேர்ந்து இந்த வருஷத்தோடு எழுபத்தைந்து வருஷம் நிறைகிறது. கல்யாணமும் சதாபிஷேகமும் சாஸ்தா ப்ரீதி விருந்தும் நடக்கிற அந்த ஹால், அதற்குப் பின்னால் சமையல்கட்டு, அண்டா, உருளி, கரண்டி, இவை எல்லாவற்றையும் பற்றிய காகிதங்கள் நாலு டிரங்குப் பெட்டி நிறைய. தலைவர் அனந்தநாராயணன் சித்திரை மாசம் என்னைக் கூப்பிட்டு, பெட்டிச் சாவியைக் கையில் கொடுத்து, இதையெல்லாம் நீர்தான் ஒழுங்கு பண்ண வேண்டும், வேறு யாருக்கும் இந்தப் பொறுமை கிடையாது என்றார். ரிட்டையராகி நாலு வருஷமாகப் பேப்பர் படிப்பதையே உத்தியோகமாகச் செய்துகொண்டிருந்த எனக்கு அந்தச் சாவி எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடியும் காலையில் குளித்து, சட்டை மாட்டி, பேனாவைப் பாக்கெட்டில் செருக ஒரு காரணம் கிடைத்தது. உன் மாமிகூட, காபியை டம்ளரில் ஆற்றிக்கொண்டே, முகத்துல வெளிச்சம் வந்திருக்கே என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் நீ வந்தாய். நீ சொல்லிக்கொடுத்தது இப்போதும் காதில் இருக்கிறது. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு பக்கம். 1958-ஆம் வருஷத்துக் கல்யாணத்துக்கு ஒரு பக்கம், அதில் சமைத்தவருக்கு ஒரு பக்கம், அவர் கிளறிய வெண்கல உருளிக்கும் ஒரு பக்கம். கல்யாணப் பக்கத்தில் உருளி என்று எழுதும்போது அதை இரண்டு சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால், அதைத் தட்டியதும் உருளியின் பக்கம் திறக்கும். இதுவரை எனக்குப் புதிதில்லை. எங்கள் ஆபீஸிலும் மார்ஜினில் 'இத்துடன் இன்ன ஃபைலையும் பார்க்க' என்று எழுதுவோம். அதற்கு மேலே நீ ஒன்று சொன்னாய். "மாமா, போற வழியை மட்டும் நீங்க போட்டாப் போறும். திரும்பி வர வழியை அது தானே போட்டுக்கும். பேக்லிங்க்னு பேர்" என்றாய். உருளியின் பக்கத்தைத் திறந்து அடியில் காட்டினாய். 'இந்தப் பக்கத்தைக் குறிப்பிடும் பக்கங்கள்' என்று தலைப்புப் போட்டு, உருளி வருகிற காகிதங்கள் எல்லாம் அகர வரிசையில் வந்து நின்றன. நான் அதற்கு அடிப்பட்டியல் என்று பேர் வைத்தேன். மாமி பின்னால் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இதில் ஒன்றும் சிரத்தை இருக்கிற மாதிரி அன்றைக்குத் தெரியவில்லை.

சொன்னால் நம்ப மாட்டாய், இரண்டு மாசம் எனக்குச் சொர்க்கம். ஒரு உதாரணம் சொல்கிறேன். சமூகத்தின் பெரிய உருளி இருபது வருஷமாகக் காணவில்லை. யாரிடம் போயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது, ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நாலாவது பெட்டியில் இருந்த கடிதங்களை ஒவ்வொன்றாக டைப் அடித்து, உருளி என்று வருகிற இடத்தில் எல்லாம் அடைப்புக்குறி போட்டுக்கொண்டே வந்தேன். எதையும் தேடவில்லை. ஒரு நாள் உருளியின் பக்கத்தைத் திறந்தால் அடிப்பட்டியலில் ஒன்பது பக்கம், அதில் ஒன்று 1983-ல் பக்கத்துத் தெருவிலிருந்து வந்த கடிதம், ஒரு ச்ராத்தத்துக்காக உருளி வேண்டும், மறுநாளே திருப்பித் தருகிறோம் என்று. கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். கொல்லையில் அதில் முல்லைச் செடி வைத்திருந்தார்கள். செடியோடு தூக்கிக்கொண்டு வந்தோம். அன்றைக்கு அனந்தநாராயணன் என் தோளில் கை போட்டார்.

கேடு அதற்குப் பிறகு வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஃபைல் பார்க்கிறவனுக்குப் பேனாவைத் தவிரப் பென்சில் என்று ஒன்று உண்டு. பேனாவில் எழுதுவது ஆபீஸுக்கு, பென்சிலில் எழுதுவது தனக்கு. இந்தக் காகிதங்களைப் படிக்கப் படிக்க, என் மனசில் இத்தனை வருஷமாக இருந்த சில விஷயங்களையும் ஓர் ஒழுங்கில் வைத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. ஆவணி மாசம் எனக்கென்று சில பக்கங்கள் ஆரம்பித்தேன். 'கூட்டத்தில் தூங்கியவர்கள்' என்று ஒன்று. 'பாட வேண்டாம் என்று சொல்லியும் பாடியவர்கள்' என்று ஒன்று. 'வாளி தூக்கிக்கொண்டு போனவர்கள்' என்று ஒன்று. கடைசிப் பந்தி இன்னும் எழுந்திருக்காதபோதே, சமையல்கட்டுப் பின்கதவு வழியாகப் பால் பாயசத்தை வாளியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றியது அது. உனக்குத் தெரியும், சமூகத்தில் பந்திக்குப் பந்தி இலை எண்ணுகிற வேலை என்னுடையது, ஆகையால் நான் எப்போதும் கடைசிப் பந்திதான். 1988 சாஸ்தா ப்ரீதியில் எங்கள் வரிசைக்குப் பாயசம் என்று வந்தது கழுவின ஜலம். என் கையால் இத்தனை வருஷத்தில் ஒரு டம்ளர் பாயசம்கூட வெளியே போனதில்லை, அந்த வயிற்றெரிச்சலில் எழுதினேன். எழுதின கையோடு, பழக்கதோஷம், பேர் வந்த இடத்தில் எல்லாம் அடைப்புக்குறியும் போட்டேன்.

உருளியின் அடியில் வருவது மனுஷர்கள் அடியிலும் வரும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா மாமா என்று நீ கேட்பாய். ஸ்நேகாவும் பெங்களூரிலிருந்து போனில் அதைத்தான் கேட்டாள், கேட்டுவிட்டுச் சிரித்தாள், பெற்ற அப்பனைப் பார்த்து அப்படிச் சிரிக்கக் கூடாது. தோன்றவில்லை என்பது உண்மை. ஏனென்றால் தெருவிலுள்ள நாற்பத்திரண்டு குடும்பங்களின் பக்கங்களையும் நான் ஆடி மாசமே முடித்துவிட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் படித்து, எழுத்துப் பிழை திருத்தி, அடிப்பட்டியலையும் பார்த்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று நோட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கத்தை அதற்குப் பிறகு நான் தொடவே இல்லை. தொடாத காகிதம் பெட்டிக்குள் இருந்தபடியே தானாக மாறும் என்று எந்த ரெக்கார்டு செக்‌ஷனில் கேள்விப்பட்டிருக்கிறோம்? ஒரு ஃபைலில் இன்னொரு ஃபைலைப் பற்றி எழுதினால், எழுதப்பட்ட ஃபைலுக்கு அது தெரியாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஆபீஸில் நாங்கள் முந்நூறு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம்.

விழா விஜயதசமி அன்றைக்கு என்று முடிவாயிற்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் பக்கத்தை அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேடையில் வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. நீ கொடுத்த பென் டிரைவில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டையில் பிரின்ட் எடுக்கிற கோமதிநாயகத்தின் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு எதிரே, ஜெராக்ஸ் மெஷின் வைத்திருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், தங்கமானவர். என்னை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, "சாரே, அடியில என்னமோ பட்டியல் மாதிரி வருதுல்லா, அதை வெட்டிட்டு எடுக்கட்டா?" என்று கேட்டார். கடவுள் அந்த மனுஷர் வாயில் வந்து கேட்டிருக்கிறார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஒரு எழுத்துகூட விடக் கூடாது. அதுதான் ரெக்கார்டாக்கும்" என்றேன். அவர் அப்படியே எடுத்துக் கொடுத்தார். நான் தாள்களின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மேடையில் அனந்தநாராயணன் மைக்கில், இத்தனைக்கும் காரணம் நம்ம நீலகண்டன் என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அறுபத்து நாலு வயசில் அந்த மைக்கில் என் பேர் கேட்டது அதுதான் முதல் தரம். நாற்பத்திரண்டு உறைகளையும் என் கையாலேயே கொடுத்தேன். கொடுத்து முடித்து, பொன்னாடையோடு கீழே வந்து உட்கார்ந்த நேரம் வரைக்கும் சந்தோஷமாக இருந்தேன், ஒரு ஏழு நிமிஷம் இருக்கும்.

நம் பக்கத்து வீட்டு பார்வதியம்மாளுக்குக் காது மந்தம், எதைப் படித்தாலும் உரக்கப் படிப்பாள், உனக்குத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். அவள் மாமனார் சமூகத்துக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தது, அவள் கல்யாணம், எல்லாம் கணீரென்று கேட்டது, ஹாலே திரும்பி ரசித்தது. அப்படியே அடிப்பட்டியலுக்கு வந்தாள். 'கிணறு வெட்டிய வருஷம்' என்று படித்தாள். 'சமையல்கட்டுக் கூரை மாற்றியது' என்று படித்தாள். 'சாஸ்தா ப்ரீதி 1988' என்று படித்தாள். 'வாளி தூக்கிக்கொண்டு போனவர்கள்' என்றும் படித்தாள். நிறுத்தினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில், "நீலகண்டா, இது யாரோட வாளி?" என்றாள்.

அதற்குப் பிறகு ஹாலில் காகிதம் புரளுகிற சத்தம்தான். ஐந்து மாசம் கண் எரிய டைப் அடித்த சரித்திரத்தை ஒருவர்கூடப் படிக்கவில்லை, எல்லோரும் அடியிலிருந்து மேலே போனார்கள். அனந்தநாராயணன் பக்கத்தில் கூட்டத்தில் தூங்கியவர்களும் இருந்தது, பாட வேண்டாம் என்று சொல்லியும் பாடியவர்களும் இருந்தது. அவர் என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில், "தூங்கலை நீலகண்டன். கண்ணை மூடிண்டு கேட்டுண்டிருந்தேனாக்கும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. இதற்கு நடுவில் கோடி வீட்டு சரஸ்வதியம்மாள், தன் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்காத்துக்காரா ஒரு பட்டியலிலும் இல்லையே, நாங்கள் மட்டும் உங்கள் கண்ணில் படவே இல்லையா என்று வருத்தப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சமாதானம் செய்வதா, சாட்டப்படாதவளைச் சமாதானம் செய்வதா என்று தெரியாமல் பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொன்று. நம் குடும்பத்துக்கான பக்கம் லலிதாம்பாள் என்ற பேரில் இருக்கிறது. அதன் அடியில் 'சமையலில் உப்பு' என்று ஒரு வரி. இதுவும் என் பென்சில் வேலைதான். தேதி, பண்டம், கூடுதலா குறைவா என்று மூன்று பத்தி போட்டு, விளையாட்டாக ஆரம்பித்து, முப்பத்தொரு பதிவு வரைக்கும் போய்விட்டது. மாமி கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தையே திறந்து முழுக்கப் படித்திருக்கிறாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "முப்பத்தொண்ணு நாளும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காம சாப்ட்டு முடிச்சுட்டுத்தானே எழுதினேள்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து பத்து நாளாக வீட்டில் சாம்பார், ரசம், கறி, தோசை எதிலும் உப்புக் கிடையாது. இலையில் பரிமாறிவிட்டு, உப்பு ஜாடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். முப்பது வருஷத்தில் அவள் என்னோடு சண்டை போட்டதுண்டு, பேசாமல் இருந்தது இதுதான் முதல்.

நான் சும்மா இருக்கவில்லை, பரிகாரம் செய்யத்தான் பார்த்தேன், அதுதான் இன்னும் மோசம். அந்தப் பக்கங்களை அழித்திருக்கலாமே என்பாய். எழுதின பதிவை அழிக்க எனக்குக் கை வராது சுமந்த், முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தாளைக் கிழித்ததில்லை. அதனால் பார்வதியம்மாளின் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் பட்டியலும் போய்விடும் என்று நினைத்து அதை எடுத்தேன். உடனே மற்ற எல்லாப் பக்கங்களிலும் அவள் பேர் சிவப்பாக மாறிவிட்டது. எங்கள் செக்‌ஷனில் சிவப்பு மசி என்றால் ஆள் இல்லை, ஃபைல் முடிந்தது என்று அர்த்தம். எழுபத்திரண்டு வயசு மனுஷி, ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று சுவரோரமாகப் போய் நின்று, அவள் யாரையோ இரைகிற சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. பக்கத்தைத் திரும்ப டைப் அடித்து வைத்தேன்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது, புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். அடிப்பட்டியலால் வந்த வினையை அடிப்பட்டியலாலேயே தீர்ப்பது. 'மன்னிப்பு' என்று ஒரு புதுப் பக்கம் ஆரம்பித்து, தெருவில் உள்ள எல்லோரிடமும் மனசாரக் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதி, நாற்பத்திரண்டு பேரையும் அடைப்புக்குறிக்குள் போட்டேன். இனிமேல் ஒவ்வொருவர் பக்கத்தின் அடியிலும் மன்னிப்பு என்று தானாகவே வரும் அல்லவா? கோமதிநாயகத்திடம் மறுபடியும் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து, வீடு வீடாக நானே கொண்டுபோனேன். அனந்தநாராயணனுக்குத் தூங்கியவர்கள், பாடியவர்கள், மன்னிப்பு என்று வரிசை வந்தது. அவர் ஓரளவு ஆறிப்போனார். ஆனால் அகர வரிசையில் ம-வுக்குப் பிறகு வ. பார்வதியம்மாளுக்கு முதலில் மன்னிப்பு வந்து, அதற்கு அடியில் வாளி வந்தது. அவள் வாசலில் நின்றபடி தெருவுக்கே கேட்கிற மாதிரிப் படித்துவிட்டு, "மன்னிப்பும் கேட்டுட்டு, திரும்பவும் வாளியா?" என்று கதவைச் சாத்தினாள். இப்போது நான் பால் வாங்கப் போவதானாலும் அவள் வாசலைத் தவிர்த்து, குளத்துப் பக்கமாகச் சுற்றித்தான் போகிறேன்.

முந்தாநாள் அனந்தநாராயணன் வந்தார். காபி வேண்டாம் என்றார். கமிட்டியில் பேசிக்கொண்டோம், நீங்கள் கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். நான் உள்ளே போய்ப் பெட்டிச் சாவியை எடுத்து வந்து கொடுத்தேன். இலைக் கணக்கு நோட்டையும் சேர்த்துக் கேட்டார். இருபத்தொன்பது வருஷமாக நான் எழுதிய நோட்டு. அதையும் கொடுத்துவிட்டேன். ஆபீஸிலிருந்து ரிட்டையரானபோது மாலை போட்டு அனுப்பினார்கள், இதற்கு அதுவும் இல்லை. அவர் போன பிறகு ரொம்ப நேரம் கதவைச் சாத்தத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். நேற்று மத்தியானம் கம்ப்யூட்டரை மூடி உறை போடுவதற்கு முன்னால், ஒரு ஆசை, என் பக்கத்தைப் பார்ப்போம் என்று தோன்றியது. நீ முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக 'நீலகண்டன்' என்று ஒரு பக்கம் ஆரம்பித்து, 'என் மாமா. எல்லாம் இவருக்குத் தெரியும்' என்று எழுதினாயே, அதை நான் பிறகு திறந்ததே இல்லை. திறந்தேன். உன் வரி இருந்தது. அடியில், 'இந்தப் பக்கத்தைக் குறிப்பிடும் பக்கங்கள்: எதுவும் இல்லை' என்று இருந்தது.

முதலில் மெஷின் கோளாறு என்று நினைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தால் சரிதான். எழுபத்தைந்து வருஷக் காகிதத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் பேர் உண்டு, ஆமோதித்தவர் பேர் உண்டு, எதிர்த்து வெளிநடப்புச் செய்தவர் பேர்கூட உண்டு. இலை எண்ணியவன் பேரை எழுதும் வழக்கம் இல்லை. மாமியின் பக்கத்தில்கூட, நானே டைப் அடித்தது, 'கீழே கையொப்பமிட்டவரின் மனைவி' என்றுதான் ஆபீஸ் பாஷையில் எழுதியிருக்கிறேன். மன்னிப்புப் பக்கத்தில் நாற்பத்திரண்டு பேருக்கு அடைப்புக்குறி போட்டவன் என் பேருக்குப் போடவில்லை. இந்தத் தெருவிலேயே பிறந்து, இங்கேயே கிழவனானவன் நான். அந்த உருளிக்கு ஒன்பது பக்கம் இருக்கிறது, எனக்கு ஒன்றுகூட இல்லை. எனக்கு அழுகை வந்தது சுமந்த், மறைப்பானேன். ஊரையெல்லாம் ஒருத்தரோடு ஒருத்தரைக் கோத்துக் கோத்து வைத்தேன், என்னை ஒருவரும் எங்கும் கோக்கவில்லை.

ஆகையால் தீபாவளிக்கு நீ வரும்போது இந்தச் சனியனை வேரோடு எடுத்துவிட்டுப் போ. அதற்கு முன்னால் போனிலேயே எந்தப் பொத்தானை அமுக்கினால் அத்தனையும் போகும் என்று சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. என் கையால் அழிக்க வராது, ஆனால் நீ சொல்லி நான் அமுக்கினால் பாவம் உன்னோடு போகும். உன் அம்மாவிடம் இதில் பாதியை மட்டும் சொல். உடன்பிறந்தவளுக்கு முழுவதும் தெரிந்தால் டிக்கெட் எடுத்து வந்துவிடுவாள்.

நாளைக் காலையில் போய்க் கவர் வாங்கி இதைத் தபாலில் சேர்க்கிறேன். உனக்குத் தீர்க்காயுசும், நல்ல இடத்தில் சீக்கிரம் ஒரு பெண்ணும் அமைய பத்மநாபன் அருள வேண்டும். பெண் வீட்டாரைப் பற்றி எங்கும் எழுதி வைக்காதே.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்ட உன் மாமா,
நீலகண்டன்.

பின்குறிப்பு (14-ஆம் தேதி): தபால் இன்னும் போகவில்லை. நேற்றுக் காலை நான் கவர் வாங்கப் போயிருந்தபோது வீட்டில் ஒரு காரியம் நடந்திருக்கிறது. திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, என் பக்கம் திறந்திருந்தது, அடிப்பட்டியலில் ஒரு வரி இருந்தது. 'வாளி தூக்கிக்கொண்டு போனவர்கள்.' கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் எழுத்துக்களுக்கு அடியில், ஒற்றை விரலால் அடித்த மாதிரி, தப்பும் தவறுமாக, ஆனால் அடைப்புக்குறி மட்டும் ஒன்று பிசகாமல், இப்படி இருந்தது: 'நீலகண்டன். 1979 தை மாசக் கல்யாணம். ஸ்நேகா வயித்துல அஞ்சு மாசம். எனக்குப் பால் பாயசம் வேணும்னு தோணித்து, வாய் விட்டுச் சொல்லலை. இவர் வாளியோட வந்தார். பின்கதவைத் திறந்து விட்டது பார்வதியம்மாள். இவரை எழுத விட்டுப்போச்சு.'

வாழைப்பூ ஆய்ந்துகொண்டே நீ சொன்னது அத்தனையும் கேட்டிருக்கிறாள். நான் சத்தியமாக மறந்துபோயிருந்தேன் சுமந்த், இந்தக் கடிதத்தில் மேலே ஒரு டம்ளர்கூட வெளியே போனதில்லை என்று எழுதியிருக்கிறேன், அதை அடித்துவிடு. அந்தக் கல்யாணத்தின் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். இலைக் கணக்கில், கடைசிப் பந்தியில் பதினொரு பேருக்குப் பாயசம் எட்டவில்லை என்று இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று இருக்கிறது. என் கையெழுத்து. மாமி அந்த வாளிப் பக்கத்தைக் கோமதிநாயகத்திடம் பிரின்ட் எடுத்து வரச் சொல்லி, தானே பார்வதியம்மாளிடம் கொண்டுபோனாள். அவள் உரக்கப் படிப்பது சுவர் தாண்டிக் கேட்டது, அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. சாயங்காலம் பார்வதியம்மாள் வாசலுக்கு வந்து, தன்னுடையது ஒரு தரம் இல்லை, மூன்று தரம், எழுதுவதானால் சரியாக எழுது என்று தேதி சொல்லிவிட்டுப் போனாள். இன்று காலை அனந்தநாராயணன் இலைக் கணக்கு நோட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சாவியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகவே மேலே கேட்ட பொத்தான் வேண்டாம். தீபாவளிக்கு வரும்போது ஒரு பிரின்டர் மட்டும் வாங்கிவா. இன்று மத்தியானம் ரசத்தில் உப்பு இருந்தது, கொஞ்சம் கூடுதல். உன்னிடம் சொன்னதோடு சரி, வேறெங்கும் எழுதவில்லை, படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.